கரு கலைந்தபின் கர்ப்பப்பை கழுவினால் அடுத்த பிள்ளைக்குத் தடையா?

கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது: மனைவிக்கு 9 கிழமை. ஸ்கானில் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வி.ஓ.ஜி. (பெண்நோயியல், மகப்பேற்று நிபுணர்) மூன்று வழி சொல்லியிருக்கிறார்: கழுவி விடலாம் (உள்ளே இருப்பதைச் சத்திரசிகிச்சையால் வெளியே எடுப்பது), மாத்திரை வைக்கலாம், சில நாள் பொறுத்தும் பார்க்கலாம். வீட்டில் மாமியார், “உடனே கழுவுங்கள், வைத்திருந்தால் விஷம் ஏறும்” என்கிறார். அயலில் ஒரு அக்கா, “கழுவினால் கர்ப்பப்பை ஒட்டிவிடும், பிறகு பிள்ளை தங்காது” என்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னும் ஒரு கரு கலைந்து, அப்போதும் கழுவியிருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, முதலில் உங்கள் இருவருக்கும் என் ஆறுதல். நான் வைத்தியர் அல்லள். பெண்நோயியல் சத்திரசிகிச்சைக் கூடத்தில் பல வருடம் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள். உங்கள் மனைவியைப் பரிசோதித்தவர் சொல்வதே முடிவு. ஆனால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்கு அவசரப்படக் கூடாது என்று என்னால் சொல்ல முடியும்.

மாமியார் சொல்வது உங்கள் மனைவிக்குப் பொருந்தாது. காய்ச்சல் இல்லை, நாற்றமுள்ள கசிவு இல்லை, இரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கிறது என்றால், துடிப்பு நின்ற கரு சில நாள் உள்ளே இருப்பதால் விஷம் ஏறாது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் நிறுவனமே பெரும்பாலான பெண்களுக்கு முதலில் 7 முதல் 14 நாள் வரை பொறுத்துப் பார்க்கச் சொல்கிறது. அயல் அக்கா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கர்ப்பப்பையைக் கெடுப்பது பெரும்பாலும் கவனமாகச் செய்த ஒரு கழுவுதல் அல்ல. அழுத்திச் சுரண்டுவதும், அதையே இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று திரும்பச் செய்வதும்தான். உங்கள் மனைவிக்கு ஏற்கெனவே ஒரு தடவை செய்திருப்பதால்தான் இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

கழுவுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கரு நின்றுவிட்டது என்பது உறுதிதானா? யோனிவழி ஸ்கானில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து துடிப்பு இல்லாவிட்டால், அல்லது கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து உள்ளே கருவே இல்லாவிட்டால், கரு நின்றதாகக் கொள்வார்கள். அப்போதும் இன்னொரு வைத்தியரின் கண்ணும் படுவது நல்லது. அளவு அதற்குக் கீழே என்றால் குறைந்தது ஒரு கிழமை கழித்து மறு ஸ்கான் எடுக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்ணுக்குத் தேதிக் கணக்கில் 9 கிழமை என்று வந்தாலும் உண்மையில் 6 கிழமையாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் அந்த அளவுகள் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். தேவையில்லாத சத்திரசிகிச்சையால் வரும் பாதிப்பைத் தவிர்க்க, அதைச் செய்யாமல் இருப்பதைவிட நல்ல வழி வேறென்ன?

உறுதியென்றால், மூன்று வழியும் உண்மையான வழிகள்தான். 2006இல் வெளியான மிஸ்ட் என்ற பிரித்தானிய ஆய்வு 1,200 பெண்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தது. பொறுத்திருந்தவர்கள், மாத்திரை எடுத்தவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள் என்ற மூன்று பிரிவிலும் கிருமித்தொற்று 2 முதல் 3 வீதம்தான். அதே பெண்களைப் பின்னாளில் விசாரித்தபோது, ஐந்து வருடத்துக்குள் உயிருள்ள குழந்தை பெற்றவர்கள் முதல் இரண்டு பிரிவிலும் 79 வீதம், சத்திரசிகிச்சைப் பிரிவில் 82 வீதம். அயல் அக்காவிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

மாத்திரை என்பது மிசோப்ரொஸ்டோல். அதற்கு முன்பு மிஃபெப்ரிஸ்டோன் என்ற இன்னொரு மருந்தையும் கொடுத்தால் பலன் கூடும். 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிசோப்ரொஸ்டோல் மட்டும் ஒரு தடவை வைத்தபோது முதல் மறுபரிசோதனைக்குள் 67 வீதமானவர்களுக்கு முழுமையாக வெளியேறியது. இரண்டு மருந்தும் சேர்ந்தபோது 84 வீதம். எஞ்சியவர்களில் சிலருக்குக் கடைசியில் கழுவத்தான் வேண்டியிருக்கும். வலியும் இரத்தப்போக்கும் மாதவிடாயைவிடக் கூடுதலாக இருக்கும், வீட்டில் துணைக்கு ஆள் வேண்டும். மருந்துக்கடையில் தெரிந்தவர் மூலம் வாங்கி வீட்டில் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். கரு கர்ப்பப்பைக்கு வெளியே சினைக்குழாயில் தங்கியிருந்தால் அது தெரியாமலே உயிர் போய்விடலாம்.

எல்லாருக்கும் பொறுத்திருத்தல் பொருந்தாது. காய்ச்சல், கடும் இரத்தப்போக்கு, இரத்தம் உறையாத கோளாறு, ஏற்கெனவே கடும் இரத்தச்சோகை, இதில் ஏதாவது இருந்தால் பொறுக்க முடியாது. தூரமும் ஒரு காரணம்தான். கொக்குவிலில் இருப்பவருக்கு நடுச்சாமத்தில் இரத்தம் பெருகினால் ஓட்டோவில் ஆஸ்பத்திரி வீதிக்கு வந்துவிடலாம். நெடுந்தீவில் இருப்பவளுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்குமே ஒரு மணிநேரக் கடல் இருக்கிறது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு வைத்தியர் “வாட்டில் இருந்து செய்துகொண்டு போ” என்றால் அதைக் கண்டிப்பு என்று நினைக்கக் கூடாது. இன்னும் ஒன்று, சில பெண்களுக்கு அந்தக் காத்திருப்பையே தாங்க முடியாது. அதுவும் மதிக்க வேண்டிய காரணம். மாமியாருடைய விருப்பமோ உங்களுடைய விருப்பமோ அல்ல, மனைவி என்ன விரும்புகிறார் என்று தனியாகக் கேளுங்கள்.

இனி, ஒட்டுதல் எப்படி வருகிறது? கர்ப்பப்பையின் உட்படலத்தில் இரண்டு அடுக்கு உண்டு. மேலடுக்கு மாதந்தோறும் கழன்று போவது. அடியடுக்குத்தான் அதைத் திரும்ப வளர்ப்பது. அறுகம்புல்லை எவ்வளவு வெட்டினாலும் முளைக்கும், கிழங்கோடு கிண்டினால் அந்த இடம் வெறுந்தரைதான். கர்ப்பம் தரித்த கர்ப்பப்பை மெத்தென்று இருப்பதால் கூரான கருவி தெரியாமலே அடியடுக்கு வரைக்கும் போய்விடும். முன்சுவரும் பின்சுவரும் இப்படிப் புண்பட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், ஆறும்போது நடுவில் தழும்பு பாலம் போட்டுவிடும். கர்ப்ப ஹோர்மோன்கள் இறங்கி ஈஸ்ட்ரஜன் குறைந்திருக்கும் நேரம் அது, ஆகவே படலம் திரும்ப வளர்வதும் மெதுவாக நடக்கும். 1894இல் ஹைன்ரிஷ் ஃபிரிட்ச் என்ற ஜெர்மானியர் இதை முதலில் எழுதினார். 1948இல் ஜோசப் அஷர்மான் விரிவாக எழுதிய பிறகு அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

கரு கலைந்த பெண்களின் கர்ப்பப்பைக்குள் கமரா விட்டுப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2014இல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் ஒட்டுதல் தென்பட்டது. பயந்துவிடாதீர்கள், அதில் பாதிக்கு மேல் மெல்லிய வலைபோன்ற இலேசானவை. கடுமையானவை அந்த ஐந்தில் ஒருவருக்குள்ளும் சிறு பங்குதான். ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: இரண்டு, மூன்று தடவை கழுவியவர்களுக்கு ஒட்டுதல் கூடுதலாகவும் கடுமையாகவும் இருந்தது.

நம் ஊரில் கழுவுதல் என்று ஒரே பெயரில் சொல்லும் சிகிச்சையை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, கியூரெட் என்கிற, நுனியில் வளையம் கொண்ட இரும்புக் கரண்டியால் சுரண்டுவது. டி அன்ட் சி என்பது உண்மையில் இதுதான். மற்றது, பிளாஸ்டிக் குழாயால் உறிஞ்சி எடுப்பது. மின்பம்பாலும் உறிஞ்சலாம், 60 மில்லிலீட்டர் கைச்சிரிஞ்சாலும் உறிஞ்சலாம். உலக சுகாதார நிறுவனம் கூரான கியூரெட்டைக் காலாவதியான முறை என்று பல வருடமாகச் சொல்லிவருகிறது. உறிஞ்சலில் இரத்தப்போக்கு குறைவு, நேரமும் வலியும் குறைவு, அடியடுக்குக்கு வரும் சேதமும் குறைவு. இத்தனைக்கும் உறிஞ்சல் முறை ஒன்றும் புதினம் அல்ல. 1958இலேயே சீன வைத்தியர்கள் அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பழகிய கை பழகிய கருவியைத் தேடுவதால்தான் கியூரெட் இன்னும் தட்டில் கிடக்கிறது. இது என் அபிப்பிராயம், கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

கைச்சிரிஞ்ச் முறையை அருகில் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். சிரிஞ்சின் வாயில் வால்வு இருக்கும். அதை மூடி, தண்டை இழுத்துப் பூட்டி, வெற்றிடம் செய்து வைத்துக்கொள்வார்கள். குழாயின் தடிப்பு கிழமைக்குத் தகுந்ததாக இருக்கும், 9 கிழமைக்கு 8 அல்லது 9 மி.மீ. என்ற கணக்கில். குழாய் உள்ளே போனதும் வால்வைத் திறந்தால் சிரிஞ்சுக்குள் சிவப்பு நுரை ஏறும். மெதுவாகச் சுழற்றி வெளியே எடுப்பார்கள். எல்லாம் வந்துவிட்டால் நுரை நிற்கும், இளஞ்சிவப்பாய்க் கொஞ்சம் வரும், சுவர் சொரசொரப்பாகக் கையில் தட்டும், கர்ப்பப்பை குழாயை இறுக்கிப் பிடிக்கும். அங்கே நிறுத்த வேண்டும். “இன்னொரு தடவை சுரண்டிவிட்டால் நிச்சயம்” என்ற எண்ணத்தில்தான் கியூரெட் எடுக்கப்படுகிறது. உறிஞ்சிய பிறகு வழமைக்காகச் சுரண்டிப் பார்ப்பது தேவையே இல்லை.

ஆகவே உங்கள் வைத்தியரிடம் பணிவாகக் கேளுங்கள்: “டொக்டர், உறிஞ்சல் முறையிலா செய்வீர்கள்? இவருக்கு முன்பும் ஒரு தடவை செய்திருக்கிறது, ஸ்கான் பார்த்துக்கொண்டே செய்ய முடியுமா?” இப்படிக் கேட்டால் கோபிக்கிற வி.ஓ.ஜி. மிகக் குறைவு. முன்பு கழுவியதை நீங்களாகச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாமலும் போகலாம். பழைய டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரி தந்த நோய்க்குறிப்பு அட்டை) வீட்டு அலுமாரியில் கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

முன்னாயத்தங்களில் சில கர்ப்பப்பையைக் காப்பாற்றுபவை. செய்வதற்கு இரண்டு மூன்று மணிநேரத்துக்கு முன் மிசோப்ரொஸ்டோல் வைத்தால் கர்ப்பப்பை வாய் இளகி, இரும்புக் கம்பிகளால் வலிந்து விரிக்கும் தேவை குறையும். வாய் கிழிவதும் குறையும். தொடங்குமுன் சலம் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். வைத்தியர் கையால் பரிசோதித்து, கர்ப்பப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா பின்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சாய்வு தெரியாமல் கருவி விட்டால் துளை விழலாம். துளை விழுவது ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவருக்குத்தான். அதிலும் பெரும்பாலானவை கண்காணிப்பில் தானாகவே ஆறுபவை.

முன்பு சிசேரியன் செய்த பெண்ணாக இருந்தால் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. உங்கள் மனைவிக்கு அது இல்லை என்றாலும் வாசிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கரு பழைய தழும்பிலேயே ஒட்டி வளர்ந்திருந்தால், அதை ஸ்கானில் கவனிக்காமல் கண்மூடிச் சுரண்டினால் நிறுத்த முடியாத இரத்தப்போக்கு வரும், கர்ப்பப்பையையே எடுக்க நேரிடலாம். சிசேரியன் செய்தவர்கள் “கரு தழும்பில் இல்லைத்தானே?” என்று ஸ்கான் எடுக்கும்போதே கேட்க வேண்டும்.

அன்ரிபயோட்டிக் பற்றி: மலாவி, பாகிஸ்தான், தான்சானியா, உகண்டா ஆகிய நாடுகளில் 3,412 பெண்களிடம் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சிகிச்சைக்கு முன் ஒரே தடவை டொக்சிசைக்ளினும் மெட்ரோனிடசோலும் விழுங்கியவர்களில் 4.1 வீதத்தினருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை விழுங்கியவர்களில் 5.3 வீதத்தினருக்கும் இடுப்பறைத் தொற்று வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் நின்றது. தொற்று என்பதை இறுக்கமாக வரையறுத்துப் பார்த்தபோது 1.5க்கு 2.6 என்று கொஞ்சம் தெளிவானது. முன்கூட்டி ஒரு தடவை கொடுப்பது மலிவானது, உலக சுகாதார நிறுவனமும் அதைச் சிபாரிசு செய்கிறது. அதற்காக வீட்டுக்கு வந்து பத்து நாள் அன்ரிபயோட்டிக் விழுங்கினால் கர்ப்பப்பை பத்திரமாகும் என்று எவரும் காட்டவில்லை. ஏற்கெனவே தொற்று இருப்பவருடைய கதை வேறு. அவருக்கு ஊசி மருந்தும் உடனடியாக வெறுமையாக்கலும் வேண்டும்.

இரத்த வகை நெகட்டிவ் என்றால் சத்திரசிகிச்சைக்குப் பின் அன்டி டி ஊசி கேளுங்கள். இது கர்ப்பப்பைக்காக அல்ல, அடுத்த குழந்தைக்காக.

எடுத்த தசையை என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். வடிகட்டி, தண்ணீர் விட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நஞ்சின் (நஞ்சுக்கொடியின்) வெண்ணிற மெல்லிழைகள் தண்ணீரில் விரிந்து மிதக்கும், உறைந்த இரத்தம் அப்படி விரியாது. இழைகள் தெரிந்தால் வேலை முடிந்தது, இன்னும் உள்ளே தேட வேண்டாம். ஒன்றுமே தெரியாவிட்டால் கரு சினைக்குழாயில் இருக்கிறதோ என்று யோசிக்க வேண்டும். திராட்சைக் குலை மாதிரிக் குமிழிகள் வந்தால் முத்துப்பிள்ளை (நஞ்சு பிழையாக வளர்ந்த கர்ப்பம்), அதற்குப் பல மாதம் இரத்தப் பரிசோதனை தொடரும். கண்ணால் பார்ப்பது போதாது, பரிசோதனைக்கூடத்துக்கும் அனுப்பியிருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட் வரும் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் துண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டை எடுக்கவே வராதவர்கள் நம்மிடையே ஏராளம்.

இனித்தான் நான் முக்கியமாக நினைக்கும் இடம். கழுவி வந்து நாலைந்து நாளில் கொஞ்சம் இரத்தம் படுகிறது. வீட்டில் பதற்றம். வைத்தியரிடம் போகாமல் நேரே ஒரு ஸ்கான் நிலையத்துக்குப் போகிறார்கள். ரிப்போர்ட்டில் “உள்ளே ஏதோ மிச்சம் இருக்கலாம்” என்று ஒரு வரி. அன்றைக்கே, எங்கேயாவது, யாரிடமாவது இரண்டாவது கழுவுதல். நான் பார்த்த கடும் ஒட்டுதல்களின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருந்தது.

கரு கலைந்து சில நாளில் ஸ்கான் எடுத்தால், ஒன்றும் மிச்சம் இல்லாத கர்ப்பப்பையிலும் படலம் தடித்திருக்கும், உறைந்த இரத்தம் தெரியும். ஸ்கான் எடுப்பவர் கண்டதை எழுதுகிறார், அவரில் பிழை இல்லை. ஆனால் அந்த வரி சத்திரசிகிச்சைக்கு அனுமதிச் சீட்டு அல்ல. பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். இரத்தம் குறைந்துகொண்டே வருகிறதா? காய்ச்சல் இல்லையா? வலி இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் பொறுத்திருக்கலாம், அடுத்த மாதவிடாயோடு வெளியேறிவிடும். தேவையென்றால் மிசோப்ரொஸ்டோல் கொடுத்துப் பார்க்கலாம். இலேசான கசிவு இரண்டு கிழமை வரைக்கும் இருப்பது வழமை. மூன்று கிழமை கழித்துச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். இன்னும் பொசிட்டிவ் என்றால் வைத்தியரிடம் போங்கள்.

உண்மையிலேயே நஞ்சுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்து, எடுத்தே ஆக வேண்டும் என்றால், இரண்டாவது தடவை கண்மூடிச் செய்யக் கூடாது. ஹிஸ்டரோஸ்கோப்பி என்ற கமராக் குழாயை உள்ளே விட்டு, துண்டு இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து எடுப்பது சிறந்தது. மற்றச் சுவர்களில் கருவி படாது. அந்த வசதி உடனே கிடைக்காவிட்டால் குறைந்தபட்சம் ஸ்கான் பார்த்துக்கொண்டே உறிஞ்ச வேண்டும். பெண் நலமாக இருந்தால், அனுபவமுள்ள கைக்காகச் சில நாள் காத்திருப்பதில் நட்டமில்லை. இரத்தம் பெருகிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டாம், அப்போது உயிர்தான் முதல்.

ஒட்டாமல் இருக்க ஒரு ஜெல் இருக்கிறதாமே என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கிறது. ஹயலுரோனிக் அமில ஜெல்லைச் சிகிச்சை முடிந்ததும் உள்ளே நிரப்பினால் சுவர்கள் சில நாள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று, ஏற்கெனவே ஒரு தடவையாவது கழுவிய 152 பெண்களிடம் இதைச் செய்து பார்த்தது. ஜெல் போட்டவர்களில் 13 வீதத்தினருக்கும் போடாதவர்களில் 31 வீதத்தினருக்கும் ஒட்டுதல் இருந்தது. உங்கள் மனைவி அந்த வகைப் பெண்தான், ஆகவே வைத்தியரிடம் கேட்கலாம். முதல் தடவை செய்பவர்கள் இதற்காகக் கடன்படத் தேவையில்லை. ஜெல் கிடைக்கவில்லை என்றால் மனம் விடவும் வேண்டாம், மென்மையாக உறிஞ்சிய கைதான் பெரிய பாதுகாப்பு.

எப்போது ஓடி வர வேண்டும்? தொடர்ந்து இரண்டு மணிநேரம், மணிக்கு இரண்டு பெரிய பாட் நனைகிற அளவு இரத்தம், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், நாறும் கசிவு, நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, தோள்பட்டை வலியோடு தலைசுற்றல், மயக்கம். இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலைக்கு வரலாம். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கேயும் போகலாம், தேவையென்றால் அவர்கள் அம்புலன்ஸில் அனுப்புவார்கள்.

இதில் ஒரு பயம் பலரைத் தாமதிக்க வைக்கிறது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காக்கத் தவிரக் கருக்கலைப்பு குற்றம். “பொலிஸ் கேஸாகிவிடும்” என்று அஞ்சி, தானாகக் கரு கலைந்தவர்கள்கூட வீட்டிலேயே கிடந்து காய்ச்சலோடு வருகிறார்கள். கரு தானாகக் கலைவது குற்றம் அல்ல, அதற்குச் சிகிச்சை பெறுவதும் குற்றம் அல்ல. வீட்டில் ஏதாவது மருந்து போட்டிருந்தாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். தொற்றோடு தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் குழாய்களும் கர்ப்பப்பையும் கெடும்.

பத்தியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சரக்குக் கறி கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் மீன், முட்டை, கீரையை விலக்கிவிட்டு இரத்தம் இழந்த பெண்ணை வெறும் புழுங்கலரிசிச் சோற்றில் வைத்திருக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் முடிக்கட்டும். வேப்பிலைத் தண்ணீரில் மேல் குளிக்கலாம், உள்ளே எதையும் விட்டுக் கழுவக் கூடாது. இரத்தம் முற்றாக நிற்கும் வரை உடலுறவு வேண்டாம். இரண்டு கிழமையிலேயே சினைமுட்டை வெளிவரக்கூடும் என்பதால், உடனே பிள்ளை வேண்டாம் என்றால் அதற்கான வழியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பப்பாசி சாப்பிட்டதால், மோட்டார் சைக்கிளில் போனதால்தான் கரு கலைந்தது என்று யாராவது சொன்னால், ஆரம்பத்தில் கலையும் கருக்களில் பாதியளவுக்கு நிறமூர்த்தப் (குரோமோசோம்) பிழையே காரணம் என்று அவர்களுக்குச் சொல்லி வாயை அடைத்துவிடுங்கள். உங்கள் மனைவி தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார், அவர் காதில் இந்தப் பேச்சு விழவே கூடாது.

மாதவிடாய் 4 முதல் 8 கிழமைக்குள் திரும்ப வர வேண்டும். வந்த பிறகு அது எப்படி வருகிறது என்று கவனியுங்கள். முன்பு நாலு நாள் போனது இப்போது ஒரு நாள் பொட்டுப்போல் மட்டும் வருகிறது, அல்லது மாதாமாதம் வலி மட்டும் வந்து இரத்தம் வரவில்லை, அல்லது 8 கிழமையாகியும் ஒன்றுமே இல்லை என்றால், முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு, ஒட்டுதலா என்று தேடச் சொல்லுங்கள். சாதாரண ஸ்கானில் ஒட்டுதல் தப்பிவிடும். உப்புநீர் விட்டு எடுக்கும் ஸ்கான், சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்ரே, ஹிஸ்டரோஸ்கோப்பி என்பவற்றில்தான் பிடிபடும். இந்த மூன்றில் ஹிஸ்டரோஸ்கோப்பியே உறுதியானது. ஒட்டுதலைப் பார்த்துக்கொண்டே வெட்டியும் விடலாம். அதற்காக இன்னொரு தடவை சுரண்டிப் பார்ப்போம் என்று யார் சொன்னாலும் உடன்பட வேண்டாம். “இரத்தத்தை வரவழைக்க” என்று ஹோர்மோன் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பதும் நேரத்தைத்தான் தின்னும்.

மாதவிடாய் முன்போல் வந்தால் தேடிப் பரிசோதிக்க ஒன்றுமில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு 6 மாதம் பொறுக்க வேண்டும் என்று 2005இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2010இல் ஸ்கொட்லாந்தில் 30,000க்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, 6 மாதத்துக்குள் கருவுற்றவர்களுக்கு அடுத்த கர்ப்பம் நன்றாகவே அமைந்திருந்தது. ஒரு மாதவிடாய் வந்து, மனமும் உடம்பும் தேறி, இருவரும் விரும்பினால் போதும். போலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் தருவார்.

அடுத்த தடவை கிளினிக்கில் பதியும்போது, முன்பு எத்தனை தடவை கழுவியது, உறிஞ்சலா சுரண்டலா, எந்த வருடம் என்று கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பல தடவை கழுவியவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் நஞ்சு ஆழமாக ஒட்டுவதும் சற்றுக் கூடுதலாக வரும். அதனால் நஞ்சு எங்கே இருக்கிறது என்று 20 கிழமை அளவில் எடுக்கும் ஸ்கானில் அவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள். இம்முறை தரும் டயக்னோசிஸ் கார்டையும் தசைப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள், மூலப் பிரதிகளைப் பழைய கார்டோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.